எரிந்த சுயசரிதையும் எழுந்த நாவலும்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் வெளியார் அறியாத கதை ஒன்று இருக்கும். வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கும்போது அக்கதை பேசப்படுவதில்லை. கடன்பட்டு நொந்த தகப்பனாரின் கதையாக அது இருக்கலாம். படிக்க வேண்டிய வயதிற் கடைக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கதையாக இருக்கலாம். ஈட்டுக்குப் போன நகையின் கதையாகவோ மீளாமற் போன காணியின் கதையாகவோ இருக்கலாம். அக்கதையை நெஞ்சிற் சுமந்து வளரும் பிள்ளைக்கு எழுதும் ஆற்றலும் வாய்த்துவிட்டால், என்றோ ஒருநாள் அவன் முன்னே ஒரு வினா வந்து நிற்கும். நடந்ததை நடந்தபடி தன் பெயரிலேயே எழுதுவதா? அன்றிப் பெயரையும் ஊரையும் மாற்றி நாவலாக எழுதுவதா?

பெயரை மாற்றினாற் போதும், சுயசரிதை நாவலாகிவிடும் என்று கருதுவோர் பலர். உண்மையைச் சொல்ல அஞ்சியவனே கதையின் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்று சொல்வோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய விரும்புவோர், சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் வாழ்க்கையிற் சில ஆண்டுகளை நோக்குதல் வேண்டும். அவர் முதலிற் சுயசரிதை எழுதத் தொடங்கினார். இடையில் அதனைக் கைவிட்டார். பின்னர் அதே அநுபவத்தை ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ என்னும் நாவலாக்கினார். கைவிட்ட சுயசரிதையின் ஒரு பகுதி அழியாமல் எஞ்சியிருப்பதனால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அரிய வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

படித்துறை ஓரத்துப் பழைய கட்டிடம்

டிக்கன்ஸ் 1812ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 7ஆந் திகதி இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோன் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பளக் கந்தோரில் இலிகிதராயிருந்தவர். நல்ல மனிதர், பேச்சில் வல்லவர், பிள்ளைகள்மீது அன்புடையவர். ஆயினும் வரவறிந்து செலவு செய்யும் கலையை மட்டும் அவர் கற்றிருக்கவில்லை. குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்த பின்னர்க் கடன் பெருகியது. வீட்டுத் தளபாடங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. சிறுவன் சார்ள்ஸ் உயிரெனப் போற்றிய கதைப் புத்தகங்களும் விலைபோயின. அவற்றை விற்பதற்குச் சுமந்து சென்றவனும் அவனே.

1824ஆம் ஆண்டு பெப்ரவரியில், பன்னிரண்டாவது பிறந்தநாள் கழிந்த கையோடு, அவன் வேலைக்கு அனுப்பப்பட்டான். உறவினர் ஒருவர் தேடிக் கொடுத்த வேலை அது. தேம்ஸ் நதிக்கரையில், ஹங்கர்போட் படித்துறையின் அருகே, இற்றுச் சரியும் நிலையிலிருந்த ஒரு பழைய கட்டிடத்திற் சப்பாத்துக்குப் பூசும் கறுப்பு மை செய்யப்பட்டு வந்தது. நிலவறையில் எலிகள் கீச்சிடும் ஒலி மேல்மாடி வரையிற் கேட்கும். மை நிரப்பிய சாடிகளின் வாயை முதலில் எண்ணெய்த் தாளாலும் பின்பு நீலத் தாளாலும் மூடி, நூலாற் கட்டி, ஓரத்தை ஒழுங்காகக் கத்தரித்து, மேலே பெயர்த்தாளை ஒட்டுவது சிறுவனின் வேலை. கிழமைக்கு ஆறோ ஏழோ சிலிங் கூலி.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைகள் ஆகுமுன்னரே தந்தையார் சிறைப்பட்டார். பேக்கரிக்காரர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த சுமார் 40 பவுண் கடனே அதற்குக் காரணம். கடனாளிகளை அடைக்கும் மார்ஷல்சீ மறியற்சாலைக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். சிறிது காலத்தில் தாயாரும் இளைய பிள்ளைகளும் அங்கேயே சென்று அவருடன் குடியிருந்தனர். மூத்தவளாகிய பனி, இராச சங்கீதக் கலாசாலையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சார்ள்ஸ் மட்டும் வெளியே தனியறையில் வாழ்ந்து, தன் கூலியைத் தானே நாட்கணக்கிற் பிரித்து, பாணும் பாற்கட்டியும் வாங்கி உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கையை அழைத்துக்கொண்டு சிறைக்குச் சென்று பெற்றோரைக் கண்டு வந்தான்.

மே மாத இறுதியில் தந்தையார் விடுதலையானார். மகனுடைய விடுதலை மாத்திரம் வரவில்லை. மைச் சாலை கொவன்ட் கார்டனை அடுத்த சாண்டோஸ் வீதிக்கு மாறியது. அங்கே வெளிச்சத்தின் பொருட்டுப் பையன்கள் யன்னலோரம் இருந்து வேலை செய்தனர். அவர்களுடைய கைவேகத்தைக் காண வீதியிற் போவோர் நின்று வேடிக்கை பார்ப்பர். ஒருநாள் அவ்வாறு வேலை மும்முரமாக நடக்கும்போது, வாயில் வழியே தந்தையார் உள்ளே வருவதைச் சிறுவன் கண்டான். இவரால் இதனை எப்படித்தான் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்று அவன் வியந்தான். இந்த வினாவை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். மீண்டும் இதனிடம் வருவோம்.

இறுதியில் தந்தையாருக்கும் வேலை கொடுத்த உறவினருக்கும் கடிதமூலம் மனத்தாங்கல் உண்டாகிச் சிறுவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மறுநாளே தாயார் சென்று சமாதானம் பேசி, மகன் மீண்டும் வரலாம் என்ற செய்தியோடு திரும்பினார். தந்தையார் மறுத்துவிட்டார். பிள்ளை இனி அங்கே போக வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் செல்லட்டும் என்றார். தாயார் தன்னைத் திரும்ப அனுப்ப முனைந்ததை டிக்கன்ஸ் சாகும்வரை மறக்கவில்லை. வீட்டில் அடுப்பெரிய அந்தச் சிறு கூலியும் உதவும் என்று ஒரு தாய் எண்ணியதை நாம் விளங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்காது.

மௌனமும் நெருப்பும்

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதனைப்பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. பெற்றோர் ஒரு சொல்லேனும் பேசியதில்லை என்று டிக்கன்ஸே எழுதியிருக்கிறார். அவர் பத்திரிகையாளரானார், நாவலாசிரியரானார், இங்கிலாந்து முழுவதும் அவர் பெயர் பரவியது. ஆயினும் ஹங்கர்போட் படித்துறைப் பக்கம் செல்லும் துணிவு அவருக்கு நெடுங்காலம் வரவில்லை. தம் மூத்த பிள்ளை பேசப் பழகிய பின்னருங்கூட, சிறுவனாய் வீடு திரும்பிய அந்த வழியே நடந்தால் அவர் கண்கள் கலங்கின.

1847ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவருடைய நண்பர் ஜோன் போஸ்டர் தற்செயலாக ஒரு கேள்வி கேட்டார். ஜோன் டிக்கன்ஸை அறிந்த டில்க் என்பவர், ஸ்டிராண்ட் வீதிக்கு அருகே ஒரு வேலைத்தலத்திற் சிறுவன் சார்ள்ஸைக் கண்டு அரைக் கிரவுண் காசு கொடுத்ததாகவும், சிறுவன் பணிவுடன் வணங்கி அதனைப் பெற்றதாகவும் போஸ்டருக்குச் சொல்லியிருந்தார். அது நினைவிருக்கிறதா என்று போஸ்டர் வினவினார். டிக்கன்ஸ் பல நிமிடங்கள் மௌனமாயிருந்தார். தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று நண்பர் உணர்ந்தார். சில கிழமைகள் சென்றபின் டிக்கன்ஸ் தாமாகவே முழுவதையுஞ் சொன்னார். பின்னர் எழுதியுங் கொடுத்தார்.

அந்த எழுத்தே அவருடைய சுயசரிதையின் தொடக்கம். தாம் இறந்தபின் தம் கடதாசிகளிடையே அது கண்டெடுக்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆயினும் அது நெடுந்தூரம் செல்லவில்லை. தாம் இளமையிற் காதலித்து அடையாமற் போன பெண்ணைப் பற்றிய பகுதி நெருங்கியபோது, துணிவிழந்து எஞ்சியவற்றை எரித்துவிட்டதாக 1855ஆம் ஆண்டில் அதே பெண்மணிக்கு அவர் கடிதம் எழுதினார். தந்தையாரையும் தாயாரையும் பற்றிய கடுமை மிகுதியாயிருக்கிறது, இதனை வெளியிட வேண்டாம் என்று அவருடைய மனைவியார் தடுத்ததாக மூத்த மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காரணம் ஒன்றோ பலவோ, உயிரோடிருந்த பெற்றோரைக் கூண்டில் நிறுத்தித் தாமே நீதிபதியாக அமர்ந்து தீர்ப்புரைக்கும் நிலை அவருக்கு ஏற்பட்டிருந்தது. சுயசரிதையின் பெரிய இடர்ப்பாடு இதுவே.

பெயரை அன்று, உறவை மாற்றினார்

1849ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 1850ஆம் ஆண்டு நவம்பர் வரை ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்தது. கதாநாயகன் ‘நான்’ என்று தன் கதையைத் தானே சொல்லும் முறையில் எழுதுமாறு ஆலோசனை கூறியவர் போஸ்டர். கதாநாயகனுடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துக்கள் ஆசிரியருடைய முதலெழுத்துக்களின் தலைகீழ் வடிவமே என்பதைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. அதைக் கேட்டு டிக்கன்ஸ் திடுக்குற்றாராம். மறைக்க நினைப்பவன் அறியாமலே கை உண்மையை எழுதிவிடுகிறது.

நாவலின் 11ஆம் அத்தியாயத்தைச் சுயசரிதைப் பகுதியோடு ஒப்பிட்டால் பல பந்திகள் பெரும்பாலும் மாற்றமின்றி இடம்பெற்றிருப்பதைக் காணலாம். கூலியைப் பங்கிட்டு உண்ணும் சிறுவன் அங்கே இருக்கிறான். ஒரு மதுச்சாலைக்குட் பெரிய மனிதனைப்போல நுழைந்து மிகச் சிறந்த பானம் கேட்கும் சிறுவனையும், அவனைக் கண்டு இரங்கி முத்தமிடும் கடைக்காரரின் மனைவியையும் அங்கே காண்கிறோம். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நிகழ்ந்தபடியே இருக்கின்றன. மாறியவை எவை?

சப்பாத்து மைச் சாலை, மதுப் போத்தல் கழுவும் பண்டகசாலையாயிற்று. பன்னிரண்டு வயது, பத்து வயதாயிற்று. இவை சிறு மாற்றங்கள். பெரிய மாற்றம் உறவுகளில் நிகழ்ந்தது. டேவிட் பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவன். அவன் தாய் கள்ளங்கபடமற்ற இளம்பெண். மறுமணஞ் செய்து துன்புற்று இறந்துவிடுகிறாள். பிள்ளையைக் கூலிவேலைக்கு அனுப்புபவன் மேட்ஸ்டன் என்னும் கொடிய சிறிய தகப்பன். அங்ஙனமாயின், கடன்பட்டுச் சிறை சென்ற உண்மைத் தந்தையார் எங்கே போனார்?

டேவிட் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் தலைவராக அவர் வந்து நிற்கிறார். மிக்கோபர் என்பது அவர் பெயர். நீண்ட வசனங்களிற் பேசுவார். ஆடம்பரமாகக் கடிதம் எழுதுவார். காலையிற் கடன் கொடுத்தோர் கதவைத் தட்டினால் உயிரை விட்டுவிடப் போவதாகப் புலம்புவார். அரை மணி நேரத்திற் சப்பாத்தைத் துலக்கிக்கொண்டு பாட்டொன்றை முனகியபடி வெளியே போவார். ஆண்டுக்கு இருபது பவுண் வருவாயுடையவன் அதில் ஆறு பென்ஸ் மிச்சம் பிடித்தால் இன்பம், ஆறு பென்ஸ் மிகுதியாகச் செலவழித்தால் துன்பம் என்று அவர் கூறும் அறிவுரை உலகப் பிரசித்தமானது. சிறைச்சாலையில் ஜோன் டிக்கன்ஸ் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையும் ஏறக்குறைய இதுவே.

இங்கேதான் நாவலின் வேலையை நாம் கவனித்தல் வேண்டும். தகப்பன் ஊதாரியாயிருந்தால் மகனுக்கு வழக்குண்டு. எனக்குச் சோறிட வேண்டியவர் நீர், என்னைப் படிப்பிக்க வேண்டியவர் நீர் என்று கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. அவ்வுரிமை உள்ளவரை கோபமும் இருக்கும். வீட்டுக்காரர் ஊதாரியாயிருந்தால் வாடகைக்கிருக்கும் சிறுவனுக்கு அவர்மீது ஒரு வழக்குமில்லை. அவன் அவரைக் கண்டு சிரிக்கலாம், இரங்கலாம், அவருடைய துன்பத்திற் பங்குகொள்ளலாம், அவரை மனமார நேசிக்கவுஞ் செய்யலாம். டிக்கன்ஸ் தந்தையாரின் பெயரை மாற்றியதனால் மிக்கோபர் பிறக்கவில்லை. மகன் என்ற வழக்காளியைக் கதையிலிருந்து விலக்கியதனாற் பிறந்தார்.

இப்போது யன்னலோரத்து வினாவை மீண்டும் நினைவுகூர்வோம். இவரால் இதனை எப்படித்தான் பொறுத்துக்கொள்ள முடிகிறது? சுயசரிதை இவ்வினாவைக் கேட்டதோடு நின்றுவிட்டது. நாவல் விடை தேடிச் சென்றது. நாளைக்கு ஏதாவது நல்லது வந்து சேரும் என்று ஒவ்வொரு நாளும் உண்மையாகவே நம்பும் மனிதர் மிக்கோபர். அத்தகையவருக்கு இன்றைய துயரம் கண்ணிற் படுவதில்லை, பட்டாலும் நிலைப்பதில்லை. அவர் கொடியவரல்லர், நம்பிக்கையின் மிகுதியாற் குருடானவர். தந்தையாரைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தவரை மகனுக்கு இது தோன்றவில்லை. அவரை உள்ளே புகுந்து நடத்திப் பார்த்தபோது தோன்றியது.

மன்னிக்க முடியாத இடம்

எனினும் நாவல் எல்லாப் புண்களையும் ஆற்றும் மருந்தென்று சொல்லிவிடுதல் பொருந்தாது. தாயாரின் விடயத்தைப் பாருங்கள்.

குடும்பம் மூழ்கிக்கொண்டிருந்த நாட்களில், அவர் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, வாயிலிற் பித்தளைப் பலகை மாட்டி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்த முயன்றார். ஒரு பிள்ளையேனும் படிக்க வரவில்லை. அந்தப் பித்தளைப் பலகையை நாவலில் மிக்கோபரின் மனைவியாருக்கு டிக்கன்ஸ் கொடுத்திருக்கிறார். கணவரை ஒருபோதுங் கைவிடேன் என்று உறுதி கூறும் அப்பெண்மணியின் மேன்மையில் தாயாரின் சாயல் உண்டு. ஆனால் மகனை மைச் சாலைக்குத் திரும்ப அனுப்ப முயன்ற தாய் நாவலில் எங்குமே இல்லை. அச்செயலின் கடுமை முழுவதும் சிறிய தகப்பன்மீது சுமத்தப்பட்டது; தாய் குற்றமற்றவளாய் இறந்துபோனாள். புரிந்துகொண்ட தந்தைக்கு நாவலில் உயிர் கிடைத்தது. புரிந்துகொள்ள முடியாத தாய்க்கு அழகிய கல்லறை கிடைத்தது. உண்மைத் தாயார் 1863ஆம் ஆண்டு வரை உயிரோடிருந்தார் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

சிறுவனுக்கு வந்த விடுதலையிலும் ஒரு மாற்றம் உண்டு. டேவிட் பண்டகசாலையை விட்டு ஓடி, உடைகளை விற்று உண்டு, கால்நடையாக டோவர் நகருக்குச் சென்று, தந்தையின் அத்தையாகிய பெற்சியிடம் அடைக்கலம் புகுகிறான். உண்மைச் சிறுவன் எங்கும் ஓடவில்லை. ஓடிச் சேர்வதற்கு ஓர் அத்தை அவனுக்கு இருக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, வளர்ந்த மனிதர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாதையையும், பாதையின் முடிவில் ஒரு வீட்டையும் கட்டிக்கொடுத்தார். இதனைப் பொய் என்று யார் சொல்வார்?

நாவல் மறந்த நன்றி

சுயசரிதையாற் செய்ய முடிந்து, நாவலாற் செய்யப்படாத காரியம் ஒன்றும் உண்டு. மைச் சாலையில் டிக்கன்ஸுக்குத் தொழில் பழக்கியவன் பொப் பேகின் என்னும் அநாதைப் பையன். ஒருநாள் சார்ள்ஸ் வயிற்றுவலியால் துடித்தபோது, பொப் வைக்கோற் படுக்கை விரித்து, போத்தல்களிற் சுடுநீர் நிரப்பி, நாளிற் பாதிவரை அவன் விலாவில் ஒற்றடமிட்டான். மாலையில் வீடுவரை கொண்டுபோய் விடுவதாகவும் உடன் வந்தான். வீடு என்பது சிறைச்சாலை என்று சொல்ல வெட்கிய சார்ள்ஸ், சவுத்வாக் பாலத்தருகே யாரோ ஒருவருடைய வீட்டுப் படியில் நின்று விடைபெற்றான். பொப் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பான் என்று கதவைத் தட்டி, இது ரொபேட் பேகினுடைய வீடா என்றுங் கேட்டான்.

இந்த நற்குணச் சிறுவனின் பெயர் நாவல்களில் எங்கே வருகிறது? 1837ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய ‘ஒலிவர் டுவிஸ்ட்’ நாவலில், பிள்ளைகளைத் திருடராக்கும் கயவனுக்கு அப்பெயர் இடப்பட்டது. ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலிலோ அந்தச் சுடுநீர்ப் போத்தல்களுக்கு இடமில்லை. பொப் பேகினுடைய அன்பை உலகம் இன்று அறிந்திருப்பது, டிக்கன்ஸ் கைவிட்ட அந்தச் சில தாள்களினாலேதான். நன்றி சொல்ல வேண்டியவருக்கு அவருடைய பெயரிலேயே நன்றி சொல்லவேண்டும். கற்பனைப் பெயருக்குச் சொன்ன நன்றி அவரைச் சென்றடையாது.

நாவலாசிரியனுக்கும் பொறுப்புண்டு என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சி சான்று. ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ வெளிவந்துகொண்டிருந்தபோது, டிக்கன்ஸின் அயலில் வாழ்ந்த குள்ளமான ஒரு பெண்மணி அவருக்குக் கடிதம் எழுதினார். நாவலில் மிஸ் மௌச்சர் என்னும் பாத்திரத்தின் உருவமும் தொழிலும் தம்முடையவை என்றும், தாம் ஊராருடைய நகைப்புக்கு ஆளாகிவிட்டதாகவும் அவர் வருந்தியிருந்தார். கற்பனைப் பாத்திரம் என்று சொல்லி டிக்கன்ஸ் தப்பிக்கொள்ளவில்லை. தவற்றை ஏற்றுக்கொண்டு, பின்னர் வந்த பகுதியில் அப்பாத்திரத்தை இரக்கமும் நேர்மையும் உள்ளவளாக மாற்றியமைத்தார். பெயரை மாற்றினாலும் அயலார் அடையாளங் கண்டுகொள்வர் என்பது எங்கும் உள்ள உண்மை.

திரும்பிச் செல்லும் கதவு

தந்தையார் 1851ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1855 முதல் 1857 வரை, டிக்கன்ஸ் ‘லிட்டில் டொரிட்’ என்னும் நாவலை வெளியிட்டார். இம்முறை மார்ஷல்சீ மறியற்சாலையே பெயர் மாறாமற் கதையின் நடுவில் வந்து நின்றது. அங்கே நெடுங்காலம் அடைபட்டுக் கிடக்கும் தகப்பன், தன் பெருமையை விடமுடியாமலும் மகளின் உழைப்பில் உண்பதை ஒப்புக்கொள்ள முடியாமலும் தவிக்கும் காட்சியிற் சிரிப்புக்கு இடம் மிகக் குறைவு. மிக்கோபரிற் காட்டாத மறுபக்கத்தை டொரிட்டிற் காட்டினார். ஒருவன் தன் வாழ்க்கை வரலாற்றைப் பெரும்பாலும் ஒருமுறைதான் எழுதுகிறான். நாவலாசிரியனோ ஒரே வீட்டுக்கு வேறு வேறு வாயில்களால் மீண்டும் மீண்டும் உள்ளே போகலாம்.

டிக்கன்ஸ் 1870ஆம் ஆண்டு ஜூன் 9ஆந் திகதி இறந்தார். அடுத்த ஆண்டில் போஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதற்பாகம் வெளிவந்தது. காப்பாற்றி வைத்திருந்த சுயசரிதைப் பகுதியை அவர் அதிற் சேர்த்திருந்தார். டேவிட் கொப்பர்பீல்டின் துன்பம் ஆசிரியருடைய துன்பமே என்பதை உலகம் அப்போதுதான் அறிந்தது. தம் நாவல்களாகிய பிள்ளைகளுள் டேவிட்டே தமக்கு மிகவும் பிரியமானவன் என்று 1867ஆம் ஆண்டு முன்னுரையில் டிக்கன்ஸ் குறிப்பிட்டதன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று.

எழுத விரும்புவோருக்கு

நெஞ்சில் ஒரு கதையோடு இருக்கும் வாசகர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, நாவலே எழுதுவதாயினும், நடந்ததை நடந்தபடி ஒருமுறை தமக்காக எழுதி வைத்தல் நன்று. அந்தத் தாள்கள் இல்லையேல் 11ஆம் அத்தியாயம் அத்துணை உயிரோடு அமைந்திராது. கூலி எவ்வளவு, எந்த வீதி, எந்த நிறத் தாள் என்னும் சிறு விவரங்களே பிற்காலத்திற் கற்பனைக்கு எலும்பாகின்றன.

இரண்டாவது, மாற்ற வேண்டியதைத் தெரிந்து மாற்றுதல் வேண்டும். ஊரையும் பெயரையும் மாற்றுவது வேலியடைப்பது போன்றது. அயலவர் எட்டிப் பார்த்து அறிந்துகொள்வர். நம்மைக் காயப்படுத்தியவரிடத்தில் நமக்குள்ள வழக்கை மாற்றிப் பார்ப்பதே உண்மையான மாற்றம். அவரை அயல்வீட்டுக்காரராக, வழிப்போக்கராக, வேறொருவருடைய தகப்பனாராக நிறுத்திப் பாருங்கள். அப்போதும் கோபம் மட்டுமே எஞ்சுமாயின், அந்தக் கதை இன்னும் எழுதப்படும் பக்குவத்தை அடையவில்லை என்று கொள்ளலாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் நாவலாக்கிவிடுதல் கூடாது. பொது அநீதி ஒன்றுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இடத்திற் பெயரும் திகதியும் ஊரும் உள்ளபடியே வேண்டும். கற்பனை என்று ஒரு சொல் இடப்பட்டால் அநீதி செய்தவன் அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்வான். அவ்வாறே, நமக்குச் சுடுநீர்ப் போத்தல் வைத்த கைகளையும் மறைத்தல் ஆகாது.

வீட்டுக்குள்ளே நடந்தவற்றுக்கோ சாட்சியைவிட விளக்கமே பெரும்பாலும் தேவைப்படுகிறது. யன்னலோரத்தில் இருந்து வேலை செய்த அச்சிறுவன் தன் தகப்பனாரை நிமிர்ந்து பார்த்துக் கேட்க நினைத்ததை வாய்விட்டுக் கேட்கவில்லை. தகப்பனாரும் அதற்கு விடை சொல்லவில்லை. வளர்ந்தபின் அவர் எழுதிய நாவலைப் படிக்கும் மக்கள் மிக்கோபரைக் கண்டு சிரிக்கிறார்கள், அவருக்காகக் கவலைப்படுகிறார்கள், அவருக்கு நல்லகாலம் பிறக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். கதையின் முடிவில் மிக்கோபர் குடும்பத்தோடு கப்பலேறி அவுஸ்திரேலியா சென்று, கடன் தீர்ந்து, ஊர் மதிக்கும் நீதவானாக வாழ்கிறார். மகன் தன் தகப்பனாருக்குக் கொடுத்த நல்லகாலம் அது.